பசித்த வேர் எதைத் தின்னும்?

நட்டு ஒரு மாதம் ஆன நெல் வயலில் இறங்கி ஒரு தூரைப் பிடுங்குங்கள். வேரை வாய்க்கால் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சேறு எல்லாம் கரைந்த பிறகும் வேரின் மேல் செம்பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டினால் பழைய ஆணியில் இருந்து உதிர்வது போன்ற தூள் விரலில் படியும். அது துருவேதான். நுனியில் புதிதாக விட்ட வேர் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதற்கு இன்னும் துரு ஏறவில்லை.

தண்ணீர் கட்டிய சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் மண்ணில் உள்ள இரும்பு கரைந்து நீரோடு கலந்து நிற்கிறது. நெற்பயிர் தன் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியே ஆக்சிஜனை வேர் வரை இறக்கி, கொஞ்சத்தை வெளியேயும் கசிய விடுகிறது. அந்த ஆக்சிஜன் பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாகி வேரைச் சுற்றிப் போர்வை போலப் படிகிறது. இந்தப் போர்வைக்கு ஒரு குணம் உண்டு. மண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் அதை இழுத்துத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஆர்சனிக் கலந்த வயலில் நெல்லுக்கு முதல் காவல் இந்தத் துருதான்.

பயிரின் ஊட்டத்துக்கும் கன உலோக நஞ்சைத் தாங்கும் அதன் திறனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்த வேரைத்தான் காட்டுவேன். இரும்பு ஓர் ஊட்டச்சத்து. நஞ்சு வேருக்குள் போகும் முன்பே அது வேலையைத் தொடங்கிவிடுகிறது. காட்மியம், ஈயம், பாதரசம், குரோமியம், இவற்றோடு சேர்த்துப் பேசப்படும் ஆர்சனிக் என்று எதைப் பற்றிய செய்தி வந்தாலும், மண்ணில் அது எவ்வளவு இருக்கிறது என்ற எண்ணையே பிடித்துக்கொள்கிறோம். ஒரே அளவு நஞ்சு உள்ள இரண்டு வயல்களில் ஒன்றின் தானியத்தில் நஞ்சு பாதுகாப்பான அளவுக்குள்ளும் மற்றதன் தானியத்தில் அந்த அளவைத் தாண்டியும் இருப்பது உண்டு. அந்த எண் இதற்குப் பதில் சொல்லாது. பயிர் எந்தச் சத்துக்காகப் பசித்திருந்தது என்றும் கேட்க வேண்டும்.

ஏனென்றால், காட்மியத்துக்கென்று வேரில் தனி வாசல் எதுவும் இல்லை. நம் வயலில் வளரும் எந்தப் பயிருக்கும் காட்மியம் தேவையில்லை. அதை உள்ளே அழைத்து வர எந்தப் புரதமும் உருவாகவில்லை. அது இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் மாங்கனீசுக்கும் வைத்த வாசல்களில் நுழைகிறது. ஆர்சனிக்கின் ஒரு வடிவம் மணிச்சத்து போகும் வழியில் போகிறது, இன்னொரு வடிவம் சிலிக்கா போகும் வழியில் போகிறது. குரோமியத்தின் ஒரு வடிவமான குரோமேட் கந்தகத்தின் வழியைப் பிடிக்கிறது. வேர் செல்லின் சவ்வில் இருக்கும் கடத்துப் புரதங்கள் வருகிற அயனியின், அதாவது மின்னேற்றம் கொண்ட துகளின், அளவையும் மின்னேற்றத்தையும் தடவிப் பார்த்து உள்ளே விடுபவை. முகச்சாயல் ஒத்துப்போனால் ஏமாந்துவிடும்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். வேருக்கும் அது பொருந்தும். அராபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்று உண்டு, உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்ப்பது. அதன் வேரில் ஐஆர்டி1 என்ற இரும்புக் கடத்துப் புரதத்தை 1996இல் அடையாளம் கண்டார்கள். இரும்பு போதுமான அளவு கிடைக்கும்போது செடி இந்தப் புரதத்தை அதிகம் தயாரிப்பதில்லை. இரும்பு குறைந்துவிட்டால் வேரெங்கும் இதை வாரி நிறுத்துகிறது. சிக்கல் என்னவென்றால், ஐஆர்டி1 இரும்பை மட்டும் பார்த்து எடுப்பதில்லை. துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட், காட்மியம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளும். இரும்புக்காகத் திறந்த கதவில் காட்மியமும் வந்துவிடுகிறது. இரும்புப் பற்றாக்குறையால் வெளுத்து நிற்கும் செடி, அதே மண்ணில் நன்றாக ஊட்டம் பெற்று நிற்கும் செடியைவிடக் கூடுதலாகக் காட்மியத்தை எடுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

காட்மியத்தின் பிறப்புக் கதையே அதன் சுபாவத்தைச் சொல்லிவிடும். 1817இல் ஜெர்மனியில் மருந்துக் கடைகளைச் சோதித்துக்கொண்டிருந்த பிரெட்ரிக் ஸ்ட்ரோமேயர் என்ற வேதியியலாளர், சூடாக்கினால் மஞ்சளாக மாறும் துத்தநாக கார்பனேட்டைக் கண்டார். இரும்பு கலந்திருந்தால் அப்படி ஆகலாம். இதில் இரும்பே இல்லை. தேடிப் போனபோது துத்தநாகத்துக்குள் ஒளிந்திருந்த புதிய தனிமம் கிடைத்தது. தனிம அட்டவணையில் துத்தநாகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பது காட்மியம். பூமிக்கடியிலும் துத்தநாகத் தாதுவோடு ஒட்டியே கிடக்கும். துத்தநாகத்தை வெட்டி எடுக்கும் இடமெல்லாம் காட்மியம் வெளியே வரும் இடம்.

ஜப்பானில் அப்படித்தான் வந்தது. கிஃபு மாகாணத்து மலைகளில் கமியோகா என்ற பழைய சுரங்கம். ஈயமும் துத்தநாகமும் எடுத்தார்கள். அதன் கழிவு கலந்த நீர் ஜின்சு ஆற்றில் இறங்கி, கீழே தொயாமா சமவெளியின் நெல் வயல்களுக்குப் பாசனமாகப் போனது. அந்த ஊர்களில் வயதான பெண்கள் இடுப்பிலும் காலிலும் தாங்க முடியாத வலி கண்டு படுத்தார்கள். எலும்பு மிருதுவாகிப் போனதால், இருமினால்கூட விலா எலும்பு முறிந்தது. 'இத்தாய், இத்தாய்' என்று அவர்கள் அழுததையே நோய்க்குப் பெயராக வைத்தார்கள். 'வலிக்குதே, வலிக்குதே' என்று பொருள். அந்த ஊர் மருத்துவர் ஹகினோ நோபோரு, சுரங்கக் கழிவே காரணம் என்று 1950களிலேயே சொல்லத் தொடங்கினார். 1968இல் ஜப்பான் அரசு காட்மியத்தால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. மாசினால் வந்தது என்று அந்த நாட்டு அரசு அதிகாரபூர்வமாக ஏற்ற முதல் நோய் அது. மேல் மண்ணை மாற்றி வயல்களை மீட்கும் வேலை 1979 வாக்கில் தொடங்கி 2012இல்தான் முடிந்தது. 33 வருடம், 860 எக்டருக்கும் மேல்.

இதில் என்னை விடாமல் உறுத்துவது ஒன்று. அந்த நெல் வாடவில்லை. கதிர் விட்டது, முற்றியது, அறுத்து உலையில் போட்டார்கள். மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுக்கப் போதுமான காட்மியம் அரிசியில் ஏறியிருக்கும்போதும் பயிர் பச்சையாகவே நிற்கும். நெல்லுக்குத் தாங்கும் சக்தி அதிகம், நமக்குக் குறைவு. வேளாண் அறிவியலில் 'உலோகத்தைத் தாங்கும் திறன்' என்று பாராட்டாகச் சொல்லும்போது இதை நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். பயிர் தாங்குவது ஒரு கேள்வி, தானியம் சுத்தமாக இருப்பது வேறு கேள்வி. ஊட்டச்சத்து இரண்டுக்கும் ஒரே பக்கமாக வேலை செய்வதில்லை.

துத்தநாகத்தில் இருந்து தொடங்கலாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் மண் பல இடங்களில் துத்தநாகம் குறைந்தது. 1990களில் அங்கே செய்த வயல் ஆய்வுகளில், சிறிதளவு துத்தநாகம் போட்டதுமே கோதுமை மணியில் காட்மியம் கணிசமாகக் குறைந்தது. வாசலில் கூட்டம் சேர்ந்தால் கள்ளன் நுழைவது கஷ்டமாகிறது. அதோடு துத்தநாகம் போதுமான செடி தன் வாசல்களைக் குறைத்தும் கொள்கிறது. ஆனால் ஏற்கெனவே துத்தநாகம் நிறைந்த மண்ணில் மேலும் கொட்டுவதால் இந்த லாபம் கிடைக்காது. மண் துகளோடு ஒட்டிக் கிடந்த காட்மியத்தைத் துத்தநாகம் பெயர்த்துவிடவும் கூடும். பற்றாக்குறையைத் தீர்ப்பதில்தான் பலன்.

தமிழ்நாட்டு வயல்களில் துத்தநாகப் பற்றாக்குறை மிகப் பரவலானது. நெல்லுக்கு எக்டருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்லி வேளாண் துறை பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. விளைச்சலுக்காகச் சொல்லும் யோசனை அது. சாக்கடை நீரோ ஆலைக் கழிவோ பாயும் வயலில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதை உழவரிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சரி, எவ்வளவு காவல் போட்டாலும் கொஞ்சம் நஞ்சு உள்ளே வந்தே தீரும். வந்த பிறகு செடி என்ன செய்கிறது? இங்கேதான் கந்தகம் வருகிறது. 1985இல் மியூனிக்கில் க்ரில், வின்னாக்கர், சென்க் என்ற மூவர் தாவரச் செல்களைக் காட்மியம் கலந்த கரைசலில் வளர்த்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தா. ரத்தக் கொதிப்புக்கு மருந்து தந்த அதே செடி. அதன் செல்கள் காட்மியத்தைக் கண்டதும் இதுவரை பெயரில்லாத சின்னப் புரதச் சங்கிலிகளைத் தயாரித்தன. ஒவ்வொரு கண்ணியிலும் கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருந்தது. அதற்குப் பைட்டோகெலாட்டின் என்று பெயரிட்டார்கள்.

அது வேலை செய்யும் விதம் ரொம்ப நேர்த்தியானது. கந்தகத்துக்குக் காட்மியம் மேல் தீராத ஒட்டுதல். சங்கிலியின் கந்தகக் கைகள் காட்மியத்தைச் சூழ்ந்து கட்டிவிடும். கட்டிய மூட்டையைச் செடி தன் செல்லின் நடுவில் இருக்கும் வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் தள்ளிப் பூட்டிவிடும். அங்கே கிடந்தால் நொதிகளைக் கெடுக்காது, பச்சையத்தைத் தொடாது. இந்தச் சங்கிலி தயாராவது குளூட்டாத்தயோன் என்ற மூன்று அமினோ அமிலக் கோர்வையில் இருந்து. அதற்குக் கந்தகமும் தழைச்சத்தும் வேண்டும். கந்தகம் குறைந்த செடியால் போதுமான சங்கிலி செய்ய முடியாது. உலோகம் தூண்டிவிடும் ஆக்சிஜன் கழிவுகளைச் சமாளிக்கவும் இதே குளூட்டாத்தயோன்தான் தேவை. ஒரே பானையில் இருந்து இரண்டு பந்திக்கும் பரிமாற வேண்டிய நிலை. பானை சிறியதாக இருந்தால் இரண்டு பந்தியும் பாதியில் எழும்.

நம் ஊரில் கந்தகத்தை யாரும் தனியாக நினைத்துப் போட்டதில்லை. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்தோடு சுமார் 11 சதவீதம் கந்தகமும் சேர்ந்தே வந்தது. அம்மோனியம் சல்பேட்டிலும் இருந்தது. பிறகு டிஏபியும் யூரியாவும் அந்த இடத்தைப் பிடித்தன. மூட்டைக்குச் சத்து அதிகம், சுமப்பது சுலபம், ஆனால் கந்தகம் கிடையாது. கடலைக்கு 40, 45ஆம் நாள் மண் அணைக்கும்போது ஜிப்சம் போடும் வழக்கம் உள்ளவர்கள் மட்டும் சுண்ணாம்புச் சத்தோடு கந்தகத்தையும் தங்கள் மண்ணுக்குத் தந்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்து ஆர்சனிக். கன உலோக வரிசையில் சேர்த்துப் பேசினாலும் இது முழு உலோகம் கிடையாது. அதன் நடத்தையும் வேறு மாதிரி. வங்காளதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் குழாய்க் கிணற்று நீரோடு இது மேலே வந்து, குடிநீரைக் கெடுத்தது மட்டும் இல்லாமல், கோடைப் போகத்து நெல்லுக்கும் பாய்ந்தது. காற்றோட்டமான மண்ணில் ஆர்சனிக் ஆர்சனேட் என்ற வடிவில் இருக்கும். அது பார்வைக்கு, மணிச்சத்தின் வடிவமான பாஸ்பேட்டின் இரட்டைப் பிள்ளை. வேரின் பாஸ்பேட் வாசலில் சத்தமில்லாமல் நுழையும். அப்படியானால் மணிச்சத்து உரத்தைக் கூட்டினால் போதுமே என்று தோன்றும். வெறும் கரைசலில் வளர்த்தால் அது உண்மை. பாஸ்பேட் கூடக்கூட ஆர்சனேட் உள்ளே போவது குறையும். மண்ணில் வளர்த்தால் கதை மாறலாம். மண் துகளில் ஒட்டியிருக்கும் ஆர்சனேட்டைப் பாஸ்பேட் தள்ளிவிட்டு அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். தள்ளப்பட்ட ஆர்சனேட் நீரில் கரைந்து வேரை நோக்கி வரும். உரத்தின் பேரில் ஆர்சனிக்கை நாமே எழுப்பிவிட்ட கதை. ஆய்வகத்தில் கிடைத்த முடிவை வயலுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நெல் வயலில் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. தண்ணீர் கட்டிய சேற்றில் ஆர்சனேட் ஆர்சனைட்டாக மாறிவிடுகிறது. அதற்குப் பாஸ்பேட்டின் சாயல் இல்லை. கரைந்த சிலிக்காவின் சாயல் இருக்கிறது. நெல்லைப் போலச் சிலிக்காவை வாரி உண்ணும் பயிர் குறைவு. வைக்கோலைக் கையில் உருவினால் அறுப்பதும், உமி எளிதில் மக்காமல் கிடப்பதும் அதனால்தான். ஒகயாமா பல்கலைக்கழகத்தில் மா ஜியான் ஃபெங் குழு 2006இல் நெல் வேரின் சிலிக்கா வாசலைக் கண்டுபிடித்து எல்எஸ்ஐ1 என்று பெயரிட்டது. இரண்டு வருடத்தில் அதே குழுவுக்கு அடுத்த விஷயம் தெரிந்தது: ஆர்சனைட் அதே வாசலில்தான் நுழைகிறது. மற்ற தானியங்களைவிட அரிசியில் ஆர்சனிக் அதிகம் ஏறுவது ஏன் என்ற பழைய புதிருக்கு அங்கே பெரும்பகுதி விடை கிடைத்தது.

மண்ணில் கரையும் சிலிக்கா நிறைய இருந்தால் ஆர்சனைட்டுக்கு இடம் குறைகிறது. நாமோ வைக்கோலை மாட்டுக்குக் கட்டி, உமியை ஆலையோடு விட்டுவிட்டு, ஒவ்வொரு போகமும் வயலில் இருந்து சிலிக்காவை வண்டி ஏற்றி அனுப்புகிறோம். உமியையோ உமிச்சாம்பலையோ திருப்பிப் போட்ட சோதனைகளில் மணியில் கனிம ஆர்சனிக் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆர்சனிக் உள்ள வயலின் வைக்கோலை அப்படியே மடக்கி உழுவதில் மட்டும் கவனம் வேண்டும். உமியைவிட வைக்கோலில் ஆர்சனிக் பல மடங்கு தங்கியிருக்கும்.

அப்புறம் தண்ணீர். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது நல்லது என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். தண்ணீர் மிச்சம், வேர் ஆழமாக இறங்கும். ஆர்சனிக்குக்கும் அது நல்லது. வயல் காயும்போது ஆர்சனைட் மறுபடி ஆர்சனேட்டாக மாறி இரும்புத் துருவோடு ஒட்டிக்கொள்ளும். காட்மியத்துக்கு அதே செயல் நேர் எதிர். நிற்கும் தண்ணீருக்கு அடியில், காற்றில்லாத சேற்றில், காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைடாகப் படிந்து கிடக்கும். தண்ணீரை வடித்துக் காய விட்டதும் அந்தச் சல்பைடு உடைந்து காட்மியம் விடுபடும், மண்ணில் அமிலமும் சற்று ஏறும். ஜப்பானில் காட்மியம் உள்ள வயல்களில் கதிர் வரும் நாளுக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று வாரம் தண்ணீர் வற்றாமல் நிறுத்தச் சொல்வது அதனால்தான். ஆர்சனிக்கும் காட்மியமும் சேர்ந்தே இருக்கும் வயலில் விவசாயி எந்தப் பக்கம் சாய்வது? கார அமில நிலை நடுநிலைக்கு அருகே வரும்படி சுண்ணாம்பு இட்டுக் காட்மியத்தைக் கட்டிவிட்டு, நீரை மிதமாகக் காய விடுவது ஒரு வழி. வயலுக்கு வயல் இது மாறும். மண்ணைப் பார்க்காமல் யாரும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

குரோமியத்தைப் பற்றிப் பேச நாம் தூரம் போக வேண்டியதில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் தொழிற்சாலைகள். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, அந்தப் பகுதியில் சுமார் 35,000 எக்டர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மைய மதிப்பீட்டை எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வலுவாகக் காலூன்றிய தீர்ப்பு அது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை ஒன்று விட்டுப் போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல்.

தோல் பதனிடும்போது பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். மண்ணில் அது கரையாமல் படிந்து, பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். ஆறு இணைதிறன் குரோமியம்தான் ஆபத்து. குரோமேட் என்ற வடிவில் நிலத்தடி நீரோடு ஓடும். வேரில் சல்பேட்டின் வாசலைத் தட்டும். சல்பேட் நிறைய இருந்தால் குரோமேட் உள்ளே போவது குறைகிறது என்பது ஆய்வகத்தில் தெளிவாகப் பார்த்த விஷயம். வந்து நுழைந்த குரோமேட், செடியின் கந்தக உணவையும் பறித்துக்கொள்கிறது. நஞ்சால் ஒரு நட்டம், பட்டினியால் ஒரு நட்டம். மக்கிய தொழுவுரம் இங்கே பெரிய உதவி. அதிலுள்ள கரிமப் பொருள் ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக இறக்கிக் கட்டிப்போடும். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மூன்று மறுபடி கொஞ்சம் ஆறாக ஏறுவதும் உண்டு என்பதால், ஒரு வருடம் தொழுவுரம் போட்டுவிட்டுக் கவலையை மறந்துவிட முடியாது.

பாலாற்றுப் பகுதிக்கு இன்னொரு துன்பமும் சேர்ந்தது. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு கடைசியில் மண்ணுக்கும் கிணற்றுக்கும் வருகிறது. உப்பு என்றால் குளோரைடு. காட்மியத்தோடு குளோரைடு சேர்ந்தால் மண்ணில் ஒட்டாமல் மிதக்கும் ஒரு கூட்டு உருவாகும், வேர் அதை எளிதாக எடுத்துக்கொள்ளும். தெற்கு ஆஸ்திரேலிய உருளைக்கிழங்கு வயல்களில் 1990களில் இதைத் தெளிவாகக் கண்டார்கள்: கிழங்கில் எவ்வளவு காட்மியம் இருக்கும் என்பதை மண்ணின் மொத்தக் காட்மியத்தைவிட மண்ணின் குளோரைடே நன்றாகக் காட்டிக்கொடுத்தது. சாம்பல் சத்துக்காக நாம் போடும் சாதாரண பொட்டாஷ் குளோரைடு உப்புதான். மாசுபட்ட நிலத்தில் அதற்குப் பதில் சல்பேட் வடிவப் பொட்டாஷ் போடுவது விலை கூடினாலும் அர்த்தமுள்ளது. தழைச்சத்திலும் வடிவம் முக்கியம். அம்மோனியத்தை உண்ணும் வேர் தன்னைச் சுற்றி அமிலத்தை விடும், அமிலத்தில் உலோகம் கரையும். நைட்ரேட்டை உண்ணும் வேர் சுற்றுப்புறத்தைக் கொஞ்சம் காரமாக்கும்.

உரத்தின் மூலமாகவே உலோகம் வரும் கதையையும் விட்டுவிடக் கூடாது. பாஸ்பேட் பாறை கடலடியில் படிவாக உருவானதென்றால் அதில் காட்மியம் கூடுதலாக இருக்கும். ரஷ்யாவின் கோலா தீபகற்பம் போல எரிமலைக் குழம்பு இறுகி வந்த பாறையில் மிகக் குறைவு. பசிபிக் தீவான நவுருவின் பாறையைப் பல பத்தாண்டுகள் வாங்கிப் போட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களில் அந்தக் காட்மியம் இன்றும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலையில் இருந்து, பாஸ்பேட் உரத்தில் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (உரத்தின் மணிச்சத்தை இந்தக் கணக்கில்தான் அளப்பார்கள்) 60 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு வைத்துவிட்டது. இந்தியாவின் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையும் ஜிங்க் சல்பேட்டில் ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் உச்ச அளவு சொல்கிறது. ஸ்ட்ரோமேயர் மருந்துக் கடையில் கண்டதை நினைத்துப் பாருங்கள். காட்மியத்தைத் தடுக்கப் போடும் துத்தநாகத்திலேயே காட்மியம் ஒளிந்து வரலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று முத்திரை இல்லாத மூட்டையை வாங்காதீர்கள்.

மறுபடி வேருக்கு வருவோம். உள்ளே வந்த காட்மியத்தை வேரிலேயே பூட்டி வைத்தால் செடியும் பிழைக்கும், மணியும் சுத்தமாக இருக்கும். நெல்லில் அந்தப் பூட்டின் பெயர் எச்எம்ஏ3. வேர் செல்லின் நீர்ப்பைக்குள் காட்மியத்தைத் தள்ளும் புரதம். இதைக் கண்டுபிடிக்க ஜப்பானிய விஞ்ஞானிகள் 2010இல் பயன்படுத்திய ரகங்களில் ஒன்று 'அஞ்சனா தான்' என்ற இந்திய நெல். தான் என்றால் இந்தியில் நெல். அந்த ரகத்தில் இந்தப் புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது, அதனால் பூட்டு வேலை செய்யவில்லை. காட்மியம் வேரில் நிற்காமல் தண்டுக்கும் மணிக்கும் ஏறியது. ஒரே வயல், ஒரே உரம், ஒரே தண்ணீர் என்றாலும் ரகம் மாறினால் அரிசி மாறும்.

வாசலையே அடைத்துவிட்டால் என்ன என்று அடுத்து யோசித்தார்கள். நெல் வேரில் காட்மியம் முக்கியமாக நுழைவது மாங்கனீசுக்கான என்ராம்ப்5 என்ற வாசலில் என்று 2012இல் தெரிந்தது. கார்பன் அயனிக் கதிரால் அந்த மரபணுவைக் குலைத்து, கோஷிஹிகாரி என்ற ஜப்பானிய நெல் ரகத்தில் காட்மியம் ஏறக்குறைய ஏறாத நெல்லை உருவாக்கினார்கள். அந்தக் குணத்தைத் தன் பெயர்பெற்ற ரகத்தில் சேர்த்து உருவாக்கிய அகிதகோமாச்சி ஆர் என்ற நெல்லை, பழைய சுரங்கங்கள் நிறைந்த அகிதா மாகாணம் 2025 சாகுபடியில் இருந்து பரப்புகிறது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அது மாங்கனீசின் வாசல். அதை அடைத்த பயிருக்கு மாங்கனீசுப் பசி வரும். மாங்கனீசு குறைந்த மண்ணில் இந்த நெல்லின் இலைகளில் பழுப்புப் புள்ளி நோய் கூடுதலாக விழுகிறது, அதனால் அப்படிப்பட்ட வயல்களில் மாங்கனீசை எண்ணிப் போட வேண்டியிருக்கிறது. காட்மியத்தை நிறுத்திய பிறகும் பேச்சு ஊட்டத்துக்கே திரும்பி வருகிறது.

இந்த என்ராம்ப் குடும்பத்துப் புரதம் ஒன்று நம் குடலிலும் இருக்கிறது. டிஎம்டி1 என்று பெயர். உணவில் இருந்து இரும்பை உறிஞ்சும் வாசல் அது, காட்மியத்தையும் உள்ளே விடும். உடலில் இரும்பு குறைந்தால் குடல் இந்த வாசலைக் கூட்டுகிறது, அராபிடாப்சிஸ் வேர் செய்வதைப் போலவே. 1978இல் வெளியான ஓர் ஆய்வில், இரும்புச் சேமிப்பு குறைந்தவர்களின் உடல் உணவில் இருந்த காட்மியத்தில் சராசரியாகச் சுமார் 9 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. இரும்பு போதுமானவர்களின் உடல் சுமார் 2 சதவீதத்தையே எடுத்தது. அப்படி உள்ளே போனது சிறுநீரகத்தில் 10, 20 வருடங்களுக்கு மேல் தங்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு.

ஜின்சு கரையில் படுத்த படுக்கையானவர்களில் ஆண்கள் மிகச் சிலரே. அந்தப் பெண்களில் பெரும்பாலானோர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், பல பிள்ளைகளைப் பெற்றுப் பால் கொடுத்து வளர்த்தவர்கள். ஒவ்வொரு பேற்றிலும் கரைந்த இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அவர்கள் உடலில் காட்மியத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டது ஒரே வயலின் சோறுதான்.